பூனையிடம் சொன்னது

நான் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவது போல இருக்கும் என்று என்னைப் பெற்றவளே சொல்லியிருக்கிறாள். வக்கீல் தொழிலுக்கு அது சௌகரியம்தான். ஆனால் அன்று காலை குழு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது நான் நிஜமாகவே சண்டைக்குத்தான் வந்திருந்தேன்.

"டாக்டர், இந்த நாகஜோதி கேஸ்ல யாரு சிவப்பு போட்டது?"

டாக்டர் குருபிரசாத் தலையை நிமிர்த்தாமல் மேசைமேல் இருந்த டப்பாவைக் கையால் காட்டினார். "அதுதான் போட்டுச்சு. நான் கையெழுத்து மட்டும்தான் மேடம்."

"அது போட்டுச்சு, நீங்க கையெழுத்து. ரொம்ப நல்லா இருக்கு. நாளைக்கு அந்தாளு செத்துட்டா, அதுவே வந்து ஒரு பக்கம் தூக்குமா?"

மதுரையில் உறுப்புக்கொடை ஒப்புதல் குழு என்பது மூன்று நாற்காலி. ஒன்று தலைவர் டாக்டர் குருபிரசாத்துக்கு. இன்னொன்று வழக்கறிஞர் உறுப்பினர் ஜெபசீலிக்கு, அதாவது எனக்கு. மூன்றாவது இடம் முன்பு ஓர் அதிகாரிக்கு இருந்தது. இப்போது அந்த இடத்தில் 'உட்செவி' உட்கார்ந்திருக்கிறது. சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி. முன்னால் ஒரு கண்ணும் மேலே ஒரு விளக்கும் இருக்கும்; பச்சை எரிந்தால் ஒப்புதல், சிவப்பு எரிந்தால் மறுப்பு. உயிரோடு இருக்கும் ஒருவர் தன் சிறுநீரகத்தை இன்னொருவருக்குத் தர வேண்டுமென்றால், எங்கள் முன்னால் வந்து 'என் விருப்பத்தோடுதான் தருகிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்வதை நாங்கள் கேட்போம். சொல்லாததை உட்செவி கேட்கும்.

இந்தக் கருவி வந்த புதிதில் நான் டாக்டரிடம் கேட்டேன், சொல்லாததை எப்படி ஐயா கேட்கும் என்று. அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்டார்.

"ஒரு விருந்துக்குப் போறீங்க. சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாங்க. 'ரசம் நல்லா இருந்துச்சு'ன்னு சொல்றீங்க. அப்படின்னா என்ன?"

"மத்தது எதையும் வாயில வைக்க முடியலன்னு அர்த்தம்."

"அதை நீங்க சொல்லவே இல்லையே மேடம்?"

"சொல்லணுமா? சாம்பாரும் நல்லா இருந்தா அதையும் சேத்துத்தான சொல்லியிருப்பேன்?"

"அவ்வளவுதான் உட்செவி. ஒருத்தர் சொன்னதை மட்டும் பாக்காது. அந்த இடத்துல வேற என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம், எதை விட்டாரு, ஏன் விட்டாருன்னு கணக்குப் பாக்கும். லட்சக்கணக்கான பேரோட பேச்சைக் கேட்டுப் பழகின மூளை அது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆரம்பத்தில் யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம் என்று விட்டிருந்தார்கள். ஊரே நாறிப்போனது. கல்யாணத் தரகர்கள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேசரியைத் தின்றுவிட்டு, 'வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்' என்பார்கள். டப்பா அங்கேயே, பெண்ணின் அப்பா முன்னாலேயே, 'பெண்ணைப் பிடிக்கவில்லை' என்று சொல்லும். கேசரித் தட்டு பறக்கும். 'ஒண்ணும் இல்ல' என்று மனைவி சொன்னால் என்ன அர்த்தம் என்று கருவியைக் கேட்ட புருஷன்மார் பலர் என்னிடம் விவாகரத்துக்கு வந்தார்கள். கடைசியில் அரசாங்கமே விழித்துக்கொண்டு, நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டது. அதற்குள் சனங்கள் அந்த விளக்கைக் கண்டாலே செய்தி வாசிப்பது போலப் பேசப் பழகிவிட்டார்கள்.

சரி, நாகஜோதி விஷயத்துக்கு வருகிறேன். திருமங்கலத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். அவளுடைய அண்ணன் மாரிசெல்வத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ரத்தம் சுத்திகரிக்கக் கையில் போட்டிருந்த குழாய்வழிகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தன. இருந்தது கடைசி ஒன்று. சொந்தத்தில் எல்லாரையும் சோதித்துப் பார்த்ததில் தங்கை ஒருத்திக்குத்தான் பொருந்தியது. அவள் வந்தாள், 'தாரேன்' என்றாள். டப்பா சிவப்பு காட்டிவிட்டது. அந்த வாரம் நான் என் தங்கை மகள் கல்யாணத்துக்கு நாசரேத் போயிருந்தேன். இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை முடிந்திருக்கும்.

"ரிப்போர்ட்டைப் படிச்சீங்களா மேடம்?" என்றார் டாக்டர். "அந்தம்மா 'தாரேன்'னு ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. மிச்சம் எல்லாம் ஆத்தாமை. குடும்பம் அவங்களை மதிக்கல, தேவைன்னா மட்டும் தேடி வர்றாங்கன்னு பொரிஞ்சு தள்ளியிருக்காங்க. 'மனமொப்பாத சம்மதம், குடும்ப நிர்ப்பந்தம்'னு அது சொல்லுது. இதுல தப்பு என்ன இருக்கு?"

"நீங்க கூட இருந்தீங்கல்ல? உங்களுக்கு என்ன தோணுச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனக்குத் தோன்றுவது முக்கியமில்லை என்று அதற்கு அர்த்தம். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கருவி வருவதற்கு முன்னால் அவர் ஒரு பெண்ணுக்கு ஒப்புதல் கொடுத்தார். மாமனாருக்குத் தருவதற்கு வந்தவள். சிரித்த முகமாக, 'என் முழு மனசோட தரேன் சார், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலை' என்றாளாம். கேட்காமலேயே சொன்னாளாம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவளை அப்புறம் பிறந்த வீட்டார்தான் மீட்டு வந்தார்கள். தராவிட்டால் பிள்ளையைக் கண்ணில் காட்ட மாட்டோம் என்று புருஷன் வீட்டார் மிரட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து மனுஷன் தன் காதையே நம்புவதை விட்டுவிட்டார். உட்செவி வந்தபோது அவருக்குக் கடவுளே வந்த மாதிரி இருந்தது.

"பதிவைப் போடுங்க, கேப்போம்," என்றேன்.

போட்டார். முதலில் உட்செவியின் சுத்தமான குரல் வந்தது: "உங்கள் அண்ணனுக்குச் சிறுநீரகம் தர உங்களுக்குச் சம்மதமா?"

"தாரேன்." சாதாரணக் குரல். பிறகு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அடுத்து வந்த குரல் நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் கேட்கும்.

"தராம என்ன? கூப்பிட்டாத்தான் வருவேன்னு இருக்குறவளா இருந்தா இந்நேரம் வீட்ல காலாட்டிக்கிட்டுல்ல படுத்திருப்பேன்! என்னைய ஒரு ஆளா மதிச்சு நேர்ல வந்து கூப்பிட்டாகளா? போன்ல ஒரு படத்தத் தட்டிவிட்டா அழைப்பாயிருமா? சில பேருக்கு கிட்னி வேணும்னாத்தான் ஒறவு கண்ணுக்குத் தெரியுது. நல்லா இருக்கட்டும், மகராசியா இருக்கட்டும்!"

"நிறுத்துங்க," என்றேன். "டாக்டர், இவ யாருகிட்ட பேசுறா?"

"உட்செவிகிட்டதான்."

"உட்செவிகிட்ட பேசுறவ எதுக்கு இப்படிக் கத்துறா? அதுக்குக் காது டமாரமா? அதோட, அண்ணனப் பத்திப் பேசுறவ எதுக்கு 'மகராசி'ங்குறா?"

நான் அலுவலக உதவியாளர் சகாயத்தைக் கூப்பிட்டேன். "சகாயம் அண்ணே, அன்னைக்கு இந்தம்மா உள்ள இருந்தப்ப வெளிய யாரு இருந்தா?"

"ஏசி வேலை செய்யல மேடம். புழுக்கமா இருக்குன்னு கதவைக் கொஞ்சம் திறந்து வச்சிருந்தோம். அண்ணன் பொண்டாட்டி, அந்த வித்யாங்குற அம்மா, வாசல் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. சேலை தெரிஞ்சுது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "போச்சுடா! டாக்டர், இது ஜாடைப் பேச்சு."

"ஜாடைன்னா?"

"உங்க வீட்ல யாரும் ஜாடை பேச மாட்டாங்களா? குடுத்து வச்சவரு. எங்க ஊர்ல மருமகளத் திட்டணும்னா மாமியா என்ன செய்வா? நேரா திட்டுனா சண்டை வந்துரும். அதனால பூனையத் திட்டுவா. 'ஏ பூனை, வேளாவேளைக்குத் தின்னுட்டுச் சுருண்டு படுத்துக்கிட்டா இந்த வீடு வெளங்குமா?' மருமக அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டு இருப்பா. பூனைக்குப் புரியணும்னு அவசியமே இல்ல. உங்க உட்செவி அன்னைக்குப் பூனை வேலை பாத்துருக்கு. பாவம், தனக்குத்தான் சொல்றாங்கன்னு நெனச்சுக்கிட்டு ரிப்போர்ட் வேற எழுதியிருக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. "சரி மேடம். அப்படியே இருந்தாலும், அவங்களுக்கு அந்தக் குடும்பத்து மேல கோபம்ங்குறது உண்மைதான? கோபத்தோட ஒருத்தர் உறுப்பு தர்றாங்கன்னா அது நிர்ப்பந்தம் இல்லையா?"

"அங்கதான் தப்பு பண்றீங்க. ஜாடை யாருகிட்ட பேசுவோம்? அத்துப்போன ஒறவுகிட்ட பேச மாட்டோம். அவங்களுக்கு 'வாங்க, நல்லா இருக்கீங்களா, காபி சாப்பிடுறீங்களா' அவ்வளவுதான். உரிமை இருக்குற இடத்துலதான் ஜாடை வரும். அந்தத் திட்டுக்கு அர்த்தம், நான் இன்னும் உங்க வீட்டுப் பொண்ணுதான்னு."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். மறுவிசாரணை கேட்க எனக்கு உரிமை உண்டு. இரண்டாம் முறையும் சிவப்பு வந்தால் நாகஜோதியின் பெயர் கொடையாளர் பட்டியலிலிருந்து நிரந்தரமாகப் போய்விடும். அப்புறம் உச்ச நீதிமன்றம் போனாலும் திரும்ப வராது. மாரிசெல்வத்துக்கு வேறு ஆள் இல்லை. "யோசிச்சுக்குங்க மேடம்," என்றார்.

"யோசிக்க என்ன இருக்கு? அடுத்த அமர்வுல அந்தக் குடும்பத்துல மூணு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வைக்கிறோம். டப்பாவோட கண்ணையும் திருப்பி வைக்கிறோம். யாரு யாரைப் பேசுறாங்கன்னு அதுவும் பாக்கட்டும்."

ஆனாலும் சம்பந்தப்பட்டவளைக் கேட்காமல் அவளுடைய அண்ணன் உயிரைப் பணயம் வைக்க முடியாது. அன்று மத்தியானமே திருமங்கலம் பஸ் நிலையத்துக்குப் போய் நாகஜோதியின் ஆட்டோவில் ஏறினேன். நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, கையை முழங்கை வரை சுருட்டியிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் மற்ற ஆட்களை இறக்கிவிட்டுவிட்டு வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினாள்.

"மேடம், நான் தாரேன்னுதான சொன்னேன்? அந்த டப்பா என்னத்தக் கேட்டுச்சு?"

"தாரேன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் பேசினீங்களே ஒரு பேச்சு, அதையும் கேட்டுச்சு."

"அது மதினிக்குல்ல!" என்றாள். "அவ வெளிய உக்காந்திருந்தா. வேற எப்ப அவளுக்குச் சொல்றது? நாங்கதான் பேசிக்கிறதே இல்லையே."

"ஏன் பேசுறதில்ல?"

சொன்னாள். அண்ணன் வீடு கட்டிப் பால் காய்ச்சினான். கூடப் பிறந்தவளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்க வேண்டும். வரவில்லை. போனில் அழைப்பிதழைப் படமாக அனுப்பினார்கள். 'நீ வராவிட்டாலும் பரவாயில்லை' என்றுதானே அதற்கு அர்த்தம்? அவள் போகவில்லை. தங்கச்சி வரவில்லை என்றால் 'நீங்கள் எனக்கு வேண்டாம்' என்று அவர்கள் அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"அண்ணனுக்கு முடியலன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"ஆட்டோல வந்த ஆஸ்பத்திரி நர்சு சொல்லுச்சு. மறுநாளே போயிட்டேன், ரத்தம் எடுத்துப் பாருங்கன்னு. யாரு கூப்பிட்டா?" கண் கலங்கிவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். "அவன் போயிட்டா நான் யாருகிட்ட மேடம் கோவிச்சுக்கிறது?"

இரண்டாவது சிவப்பு வந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். அவள் பயந்தாள். "நான் என்ன பேசணும்னு சொல்லிக் குடுங்க. அப்படியே சொல்லிர்றேன்," என்றாள்.

"வேணவே வேணாம். சொல்லிக் குடுத்துப் பேசினா அதுவும் அந்தச் சனியனுக்குத் தெரிஞ்சுரும். கேக்காமயே 'யாரும் கட்டாயப்படுத்தலை'ன்னு சொல்லிப் பாருங்க, உடனே சிவப்பு. நீங்க எப்பவும் போலப் பேசுங்க, அது போதும்."

மனதில் தெம்பாகத்தான் இருந்தேன். ஊர் வாயின் உள்ளர்த்தம் எல்லாம் எனக்கு அத்துப்படி என்ற திமிர் எப்போதும் உண்டு.

மறு அமர்வு நாள் வந்தது. மாரிசெல்வத்தைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகமும் காலும் வீங்கியிருந்தன. பக்கத்தில் வித்யா நின்றாள். ஒல்லியான பெண்மணி, தூங்கிப் பல நாள் ஆனது போலத் தெரிந்தாள். நாகஜோதி அவர்களுக்கு எதிரே, ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். டப்பாவின் கண்ணை எல்லாரும் தெரியும்படி சகாயம் திருப்பி வைத்தார்.

"வணக்கம்," என்றது உட்செவி. "நாகஜோதி அவர்களே, உங்கள் அண்ணன் மாரிசெல்வத்துக்கு ஒரு சிறுநீரகம் தர உங்களுக்குச் சம்மதமா?"

நாகஜோதி அண்ணனைப் பார்க்கவில்லை. மதினியையும் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தாள்.

"சம்மதந்தான். சம்மதம் இல்லாமத்தான் காலங்காத்தால வண்டிய நிப்பாட்டிட்டு வந்தேனா?" என்றாள். பிறகு குரல் ஏறியது. "ஏ டப்பா, நீயாச்சும் நாயத்தச் சொல்லு. சொந்த அண்ணன் வீடு கட்டுறான். பால் காய்ச்சையில கூடப் பொறந்தவ முன்னால நிக்கணுமா வேணாமா? ஊரான் வீட்டுக்கெல்லாம் தாம்பாளத்தத் தூக்கிட்டுப் போகத் தெரிஞ்சவுகளுக்குத் திருமங்கலத்துக்கு மட்டும் வழி தெரியலையாம்!"

விளக்கு சிவப்பாகத் துடித்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பார்க்காதது போல இருந்தேன்.

வித்யாவும் சளைத்தவள் இல்லை. அவளும் டப்பா பக்கம் திரும்பினாள். "நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன். அந்த நேரத்துல எங்க வீட்ல எனக்கும் பிள்ளைக்கும் டைபாய்டு காய்ச்சல். தெம்பு இருந்தா நேர்ல வந்திருக்க மாட்டோமா? சரி, அதுக்கப்புறம் போன் போட்டோமே, அதை எடுக்காதது யாருன்னு கேளு."

"எடுத்தா என்ன சொல்லியிருப்பாக? 'வந்துட்டுப் போ'ன்னு சொல்லியிருப்பாக. வான்னு கூப்பிடுறதுக்கும் வந்துட்டுப் போன்னு சொல்றதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாக்கும்!"

"காய்ச்சல்ல கெடந்தவள வந்து எட்டிப் பாத்தாங்களான்னும் கேளு."

"காய்ச்சல்னு யாரு சொன்னா எனக்கு?" நாகஜோதி மேசையில் தட்டினாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வண்டிய எடுத்துட்டு வந்து கஞ்சி வச்சுக் குடுத்திருக்க மாட்டேனா? கேக்குறா பாரு டப்பா, எட்டிப் பாத்தாளான்னு!"

விளக்கு சிவப்புக்கும் பச்சைக்குமாகத் தடுமாறியது. பிறகு ஒரு மஞ்சளில் போய் நின்றது. அந்தக் கருவியில் மஞ்சள் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"மன்னிக்கவும்," என்றது உட்செவி. "இங்கே என்னிடம் சொல்லப்படுபவை எனக்காகச் சொல்லப்படவில்லை. நான் இந்த உரையாடலின் கேட்பவர் அல்ல. சம்மதம் பற்றிக் கணிக்க இயலவில்லை."

அதைச் சொல்ல அதற்கு மூளை இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன். அப்போது மாரிசெல்வம் கையைத் தூக்கினான். பேசவே மூச்சு வாங்கியது. அவனும் டப்பாவைத்தான் பார்த்தான்.

"நான் சொல்றதயும் கேட்டுக்க. காய்ச்சலு அது இதுங்குறதெல்லாம் சாக்கு. அதுக்கு முன்னாடியே போயிருக்கணும். நாளைக்குப் போவோம், தங்கச்சிதான, அவ ஒண்ணும் நெனைக்க மாட்டான்னு விட்டுட்டேன். தப்பு ஏந்தப்பு. வித்யா மேல ஒண்ணும் இல்ல."

நாகஜோதி ஜன்னலைப் பார்த்தபடி, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா என்னவாம்," என்றாள். முணுமுணுப்பாகத்தான் வந்தது. வித்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் என் பக்கம் குனிந்தார். "மேடம், மஞ்சள் வந்தா என்ன பண்ணணும்னு எந்த விதியிலயும் இல்ல. இப்ப என்ன செய்யறது?"

"நீங்க கேளுங்க. வாய் இருக்குல்ல?"

"நான் கேட்டு, நான் தப்பா புரிஞ்சுக்கிட்டா? ஏற்கனவே ஒருத்திய..."

"தப்பாப் போச்சுன்னா நம்ம ரெண்டு பேர் தலையில விடியட்டும் டாக்டர். டப்பா தலையில போட்டுட்டுத் தூங்குறதுக்கா இங்க உக்காந்திருக்கோம்?"

கொஞ்சம் சூடாகத்தான் சொல்லிவிட்டேன். அவர் தண்ணீர் குடித்தார். பிறகு, எத்தனையோ நாளுக்குப் பிறகு, விளக்கைப் பார்க்காமல் ஓர் ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நாகஜோதியம்மா. நான் கேக்குறேன். இதை நீங்க விருப்பத்தோடதான் தர்றீங்களா?"

"விருப்பமா?" அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வயித்தக் கிழிச்சுக்க எவளுக்காச்சும் விருப்பம் இருக்குமா சார்? நல்லா கேட்டீக. விருப்பம்லாம் இல்ல. தாரேன்."

டாக்டருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. படிவத்தில் இருந்தது ஒரே ஒரு கேள்வி: விருப்பத்தோடு தருகிறாரா, இல்லையா? பேனாவை வைத்துக்கொண்டு தடுமாறினார். "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். இப்ப சரின்னு சொன்னாலும், ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போற வரைக்கும் நீங்க மனசு மாறலாம். ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. உங்க அண்ணன் வீட்டுக்கும் நாங்க காரணம் சொல்ல மாட்டோம். உடம்பு ஒத்துக்கலன்னு சொல்லிருவோம். புரியுதா?"

நாகஜோதி மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அண்ணனுக்கு நேராக உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்து முதல் வார்த்தை பேசினாள்.

"அண்ணே. எனக்குப் பயமா இருக்குண்ணே."

வித்யா கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முடிந்தது கதை என்று நானும் நினைத்துவிட்டேன். வரமாட்டேன் என்பதற்கு 'வேலை இருக்கு' என்போம். தரமாட்டேன் என்பதற்கு இதைவிட மரியாதையாக எப்படிச் சொல்வது? அப்படித்தான் கேட்டது எனக்கு. எல்லாம் தெரிந்த ஜெபசீலிக்கு.

மாரிசெல்வத்துக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறது. "அப்ப வேணாம் ஜோதி," என்றான். சிரிக்கப் பார்த்தான். "நீ வீட்டுக்குப் போ. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அப்போது யாரும் கேட்காமலேயே உட்செவி பேசியது.

"இந்த வாக்கியத்தில் மறைபொருள் இல்லை. சொன்னது மட்டுமே பொருள்."

எல்லாரும் அதைத் திரும்பிப் பார்த்தோம். விளக்கு மஞ்சளில்தான் நின்றுகொண்டிருந்தது. நாகஜோதி மூக்கை உறிஞ்சினாள், அழுகையும் கோபமுமாக அண்ணன் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"அந்த டப்பாவுக்குப் புரிஞ்சது ஒங்கள்ல ஒருத்தருக்கும் புரியலையா?" என்றாள். "பயமா இருக்குன்னுதானண்ணே சொன்னேன். தரமாட்டேன்னா சொன்னேன்?"

டாக்டர் குருபிரசாத் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பக்கத்தில் நானும் போட்டேன்.